உப்பில் கிடந்த ராணியின் கடிதம்

எங்கள் வீட்டு அலுமாரியின் நடுத்தட்டில் ஐரோப்பிய அரசர்கள் இருக்கிறார்கள். மேல்தட்டு கூரைத் தகரத்தின் சூட்டை வாங்கும். கீழே உள்ள அகலமான இழுப்பறை நிலத்தின் ஈரத்தை வாங்கும். மூன்று இடத்திலும் ஈரப்பதமானி வைத்து, ஒரு வெயில் காலமும் ஒரு மாரியும் குறித்துப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு நடுத்தட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு கடிதமும் தனி உறையில், எல்லா உறைகளும் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள். இலங்கையின் மேற்குக் கரையில் உள்ள எங்கள் கற்பிட்டியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்ற உப்பு ஏரி. நடுவில் கடதாசி வைத்திருப்பது இலேசான காரியம் இல்லை.

அரசர் கையொப்பமிட்ட கடிதம் என்றால் மாளிகை விற்ற காசு வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட கடிதங்களும் உண்டு. அவை என் பக்கம் வராது. ஆனால் அரசர்கள் நாள் முழுக்கக் கையொப்பம் வைத்துக்கொண்டே இருந்தவர்கள். படை அதிகாரிக்கு லீவு, விதவைக்கு உபகாரச் சம்பளம், தூரத்துத் துறைமுகத்துக்கு ஒரு பிரதிநிதி, பிறந்தநாள் வாழ்த்துக்கு நன்றி. இவை இன்னும் உலகத்தில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதிலும் தேசப்படத்தில் இருந்தே காணாமல்போன ராச்சியங்களின் அரசர்களுக்குப் போட்டி குறைவு. என் பெட்டியில் இருப்பவர்களில் பாதிப்பேர் நாடு இல்லாதவர்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு பெருநாளுக்கு உடுப்பு எடுக்காமல் விட்டு, ஒவ்வொருவராகக் கூட்டிவந்தேன்.

இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, எங்கள் ஊர்க் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்து ராசாவின் கடிதம் இருக்கிறதா என்பதுதான். இல்லை. அந்தக் காலத்தில் ஒல்லாந்தருக்கு ராசாவே இல்லை. கோட்டையைக் கட்டியது ஒரு வியாபாரக் கொம்பனி. அவர்களுக்கு முன்னால் வந்த போர்த்துக்கீசருக்கு ராசா இருந்தார். அந்த வரிசையில் பிந்திய ஒருவருடைய தாள் என்னிடம் உண்டு. அவர் பேரை எழுதவில்லை. ‘அரசன்’ என்று மட்டும் எழுதி, பக்கத்தில் சில புள்ளிகள் வைத்திருக்கிறார். அது அந்த நாட்டு வழக்கம். பேர் சொல்லத் தேவையில்லாத ஒரு மனிதர்.

உம்மாவுக்கு இவர்கள் மேல் பெரிய மதிப்பு இருக்கவில்லை. உம்மா கருவாடு போடுகிறவ. களப்போரத்தில் எங்களுக்கு ஒரு வாடி உண்டு. மீன் வெட்டும் பலகை, உப்புத் தொட்டிகள், காயவைக்கும் பந்தல்கள், ஒரு கிடுகுக் கொட்டில். வாப்பா மௌத்தாகிப் போன பிறகு உம்மாவும், நான் நானா என்று கூப்பிடும் அண்ணனும்தான் அதை நடத்துகிறார்கள். நான் முதலாவதாக வாங்கியது, ஒரு சின்ன ராச்சியத்தின் படை அதிகாரி கலியாணம் முடிப்பதற்கு அரசர் கொடுத்த அனுமதி. அதைக் காட்டியபோது உம்மா கையைத் துடைத்துக்கொண்டு எட்டி நின்றே பார்த்தா.

“கலியாணம் முடிக்க ராசாட கையெழுத்தா? அந்த ராசாக்கு வேற வேல இல்லியா?”

“அதான் உம்மா அவங்கட வேல.”

“ஒரு கையெழுத்து எடுக்க கிராம சேவகர்ட கந்தோருக்கு நான் எத்தின நட நடந்திருப்பன். நீ என்னென்டா காசு குடுத்து வாங்கி அலுமாரிக்குள்ள வெக்கிறா. அந்த ராசா வந்து எங்கட நிவாரணத் துண்டுக்கு ஒப்பம் வெப்பாரா?”

நானா பக்கத்தில் இருந்து, “ராசா செத்துட்டாரு உம்மா. கிராம சேவகர் லீவுல. ரெண்டும் ஒன்டுதான்,” என்றார்.

எனக்கு வேலை புத்தளத்தில், உப்புப் பொதி செய்யும் ஓர் ஆலையின் ஆய்வுகூடத்தில். உப்பில் எவ்வளவு ஈரம், எவ்வளவு அழுக்கு, அயடீன் சரியா என்று பார்ப்பது. ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து நம்பாமல் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். அரசர் கடிதங்களிலும் அந்தப் பழக்கம் தேவை. அரசர்களுக்குக் கை வலித்தது. சிலர் தங்களைப்போலவே எழுதத் தெரிந்த செயலாளர் ஒருவரை வைத்திருந்தார்கள். சிலர் கையொப்பத்தை முத்திரையாகச் செய்து குத்தினார்கள். பேனா எழுதினால் கோட்டின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய பள்ளம் விழும். பேனா நின்ற இடத்தில் மை தடித்திருக்கும். முத்திரை தட்டையாக, ஒரே சீராக இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் தெரியும். படத்தில் தெரியாது.

போன வருடம் நான் வாங்கிய ஒரு தாளில் எனக்குச் சந்தேகம் வந்தது. வடகடல் ஓரத்தில் உள்ள ஒரு சின்ன நாட்டின் ராணி, ஒரு பாடசாலைக்கு எழுதிய வாழ்த்து. சேகரிப்பவர்கள் கூடிப் பேசும் இணையக் குழுவில் இதைச் சொன்னேன். அதே நாட்டில் டிராம் ஓட்டும் ஒரு பெண் எனக்குப் பதில் எழுதினா. அவவின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே அளவு குறைவு; அதனால் நன்றாக விளங்கியது. அதே ராணி பேனாவால் ஒப்பம் வைத்த கடிதம் தங்கள் குடும்பத்தில் இருக்கிறது, அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், அனுப்புகிறேன், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பு என்றா. பிணை கேட்கவில்லை. என் அடையாள அட்டையின் படத்தைக்கூடக் கேட்கவில்லை. வேண்டாம் என்று நான் எழுதிய மறுநாள், அனுப்பியாயிற்று என்று பற்றுச்சீட்டின் படம் வந்தது.

பதிவுத் தபாலில் அது வந்து சேர்ந்தது. இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் ஒரு பிரெஞ்சுக் கடிதம். அரண்மனைப் பெண் ஒருவர் கறுப்பு மையில் எழுதியது. கீழே ராணியின் பேர் நீல மையில். அட்டை பெரிது. என் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போகவில்லை, நடுத்தட்டிலும் நீட்டி வைக்க முடியவில்லை. மடிக்க எனக்கு உரிமை இல்லை. கீழ் இழுப்பறையில் மட்டும்தான் அது கிடக்கும். இரண்டு கிழமைக்குத்தானே என்று, பொலித்தீன் உறைக்குள் போட்டு அங்கே வைத்தேன்.

அதற்கு முன், அவ ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த விளக்கத்தைப் பார்த்து, அதை உம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். டிராம் ஓட்டுகிறவவின் பூட்டி, உம்மாவின் உம்மாவின் உம்மா, கடற்கரையில் மீன் விற்றவவாம். ராணி அந்தப் பக்கம் வந்திருந்தபோது ஒரு கூடை கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறா. ராணி அதற்கு நன்றி எழுதியிருக்கிறா. பிள்ளைகள் அதை வெறும் கையால் பிய்த்துத் தின்றுவிட்டார்கள், மேசைக்கு வரவே இல்லை என்று ஒரு வரி.

உம்மா கத்தியைக் கீழே வைத்தா.

“என்ன கருவாடு?”

“தட்டையான மீனாம். எங்கட மாந்தல் மாதிரி இரிக்கிம்.”

“மாந்தலக் காய வெக்கிறது கஷ்டம். சத மெல்லிசு. கொஞ்சம் விட்டா ஓடாகிரும். அங்க வெயிலும் இல்லியே?”

“காத்துல காய வெப்பாங்களாம்.”

“அப்ப அவ கெட்டிக்காரி,” என்றா உம்மா. “ராணி சும்மா எழுதல்ல புள்ள. தின்டு பாத்துத்தான் எழுதிரிக்கா. இன்னொருக்கா வாசி.”

இன்னொரு தடவை வாசித்தேன். வீட்டுக்கு வந்த அரசர்களில் உம்மா இரண்டாம் தடவை கேட்டது அந்த ஒருவவை மட்டும்தான். பிறகு இரண்டு ஒப்பங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவவுடையதில் பேனாவின் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. என்னுடையதில் இல்லை, முத்திரை. உம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “பள்ளிக்கூடத்துக்குச் சீல். கருவாட்டுக்குக் கையெழுத்து. ராணிக்கு எது பெரிசென்டு தெரிஞ்சிரிக்கி.”

திருப்பி அனுப்ப அட்டைக்கு ஏற்ற உறை தேடிக்கொண்டிருந்த கிழமையில் மழை பிடித்தது. வேலைக்குப் போன இடத்தில் பாலாவிப் பக்கம் வீதியில் தண்ணீர் ஏறி, பஸ் நின்றுவிட்டது. நான் புத்தளத்தில் கூட்டாளி வீட்டில் தங்கினேன். களப்பு எங்கள் வளவுக்குள் வந்துவிட்டதாக நானா சொன்னார். “கீழ் இழுப்பற” என்று நான் சொல்லத் தொடங்கும்போது தொடர்பு அறுந்தது. பிறகு அங்கே மின்சாரமும் இல்லை, கைபேசியும் இல்லை. என்னுடைய அரசர்களைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அவர்கள் பெட்டிக்குள் மிதந்தாலும் பிழைப்பார்கள். அந்த ஒரு கடிதம் போனால் அதற்கு ஈடாக இன்னொரு கடிதம் உலகத்தில் இல்லை. என்னை முகம் தெரியாமல் நம்பிய ஒருத்தியின் வீட்டில் இருந்து வந்தது அது.

தண்ணீர் வடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் போனேன். வாசல் முழுக்கச் சேறு. நானா மெத்தைகளைக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார். உம்மா என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போனா. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“ஒன்ட ராசாமார் எல்லாம் சொகம். இந்தப் புள்ளதான் நனைஞ்சிட்டா. மொதல்ல இவவத்தான் தூக்கினன்.”

மேசையில் பெரிய எனாமல் பேசின். நிறைய உப்பு. மேல் உப்பை உம்மா கையால் ஒதுக்கினா. புதிதாகப் பிரித்த வெள்ளைத் துணி ஒன்று தெரிந்தது. அதற்குள் ராணியின் கடிதம்.

கருவாடு போடுகிறவர்களுக்கு ஈரத்துக்கு இரண்டு மருந்துதான் தெரியும். முதலாவது வெயில். மழை நாளில் மீன் வந்துவிட்டால், வெயில் வரும் வரைக்கும் உப்பில் வை, கெடாது. வாடியில் இது எல்லோரும் செய்வது. மூன்று நாளாக வெயில் இல்லை. உம்மா தனக்குத் தெரிந்த சரியான வேலையைச் செய்திருந்தா. தொட்டி உப்பைக்கூட எடுக்கவில்லை. நான் ஆலையில் இருந்து கொண்டுவந்த நல்ல உப்பை உடைத்திருந்தா.

நான் குனிந்து துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். உப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கடதாசிக்குள் போன உப்பு அங்கேயே இருந்து, ஒவ்வொரு மாரிக்கும் காற்றில் இருந்து தண்ணீரைக் குடிக்கும். கோடையில் காய்ந்து பளிங்காகும். குடித்துக் குடித்துக் காய்ந்து, தாளின் நாரை அறுத்துவிடும்.

“பிழையா?” என்றா உம்மா.

“பூஞ்சணம் பிடிக்கல்ல உம்மா. மூனு நாள் ஈரத்துல கிடந்தா பிடிச்சிருக்கிம். உப்புதான் காப்பாத்தினது.” அது உண்மை.

“அது இரிக்கட்டும். பிழையா இல்லியா?”

“உப்ப எடுக்கணும்.”

உம்மா கதிரையில் இருந்தா. அன்று அவ சாப்பிடவில்லை. “தின்டு பாத்து எழுதின கடுதாசி அது,” என்று இரண்டு தடவை சொன்னா, என்னிடம் இல்லை, பேசினிடம்.

கடிதத்தை எடுத்து, மெல்லிய தூரிகையால் மேலே ஒட்டியிருந்த பரல்களைத் தட்டிவிட்டேன். உப்பை எடுப்பதற்கு ஒரே வழி, நல்ல தண்ணீரில் கழுவுவது. கழுவ முன் மை நிற்குமா என்று பார்க்க வேண்டும். நானாவின் ஆட்டோ பற்றரிக்கு வாங்கி வைத்த வடிநீரில் ஒரு துளியை, அரண்மனைப் பெண் எழுதிய ஒரு காற்புள்ளியின் மேல் விட்டு, மையொற்றுத் தாளால் ஒற்றினேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. கறுப்பு மை அசையவில்லை. ராணியின் பேரில் கடைசி எழுத்தின் வால் நுனியில் இன்னொரு துளி. தாளில் நீலம் ஏறியது.

கழுவினால் வரிகள் நிற்கும், கையொப்பம் போகும். கழுவாவிட்டால் கையொப்பம் இருக்கும், சில வருடங்களில் தாளே போகும். சேகரிப்பவர்களின் கணக்கில் கையொப்பம் இல்லாத கடிதம் வெறும் கடதாசி. இதை முடிவு செய்வது என் வேலை இல்லை. நடந்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதி அனுப்பினேன்: வெள்ளம், இழுப்பறை, உம்மா, உப்பு, இரண்டு துளிகள். எதையும் மெதுவாக்கிச் சொல்லவில்லை. உம்மா என்ன எண்ணத்தில் செய்தா என்பதை மட்டும் இரண்டு வரி கூட்டி எழுதினேன்.

டிராம் வேலை முடிந்த பிறகு அவவின் பதில் வந்தது. தன்னுடைய அம்மா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அந்தக் கடிதத்தை எடுத்து, பிள்ளைகள் கருவாட்டைப் பிய்த்துத் தின்ற வரியைச் சத்தமாக வாசிப்பாவாம். கையொப்பத்தை யாரும் வாசித்ததில்லையாம். ‘வரிகளைக் காப்பாற்று. உன் அம்மா எந்த மீனைக் காயவைக்கிறா?’ என்று முடித்திருந்தா.

உம்மாவுக்குச் சொன்னேன். கழுவுவதை ஆலையின் ஆய்வுகூடத்தில்தான் செய்ய வேண்டும் என்றும் சொன்னேன். “அப்ப நானும் வாறன்,” என்றா.

பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு ஆலை பூட்டு. எங்கள் பொறுப்பதிகாரி ஆய்வுகூடக் கதவின் திறப்பைத் தந்தார், என்ன விஷயம் என்று கேட்டு, நான் சொன்னதும், “ராணியையுமா உப்புல போட்டீங்க?” என்றதோடு சரி. நானாவின் ஆட்டோவில் போனோம். உம்மா என் வேலையிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மேசைகளைச் சுற்றிப் பார்த்து, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தா.

ஆழம் குறைந்த தட்டில் காய்ச்சி வடித்த நீர். மை ஓடுவது குறையட்டும் என்று அதில் கொஞ்சம் மதுசாரம் கலந்தேன். கொசுவுக்குக் கட்டும் நுளம்பு வலைத் துண்டு ஒன்றைச் சட்டத்தில் இறுக்கி, அதன்மேல் கடிதத்தை வைத்து மெதுவாக இறக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த நீரில் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து, வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட்டேன். குழாய் முழுக்கப் பால்போல் வெளுத்தது.

“அதென்ன மோரா?”

“உப்பு உம்மா. தண்ணில உப்பிருந்தா இப்படி வெள்ளையாகும். வெள்ள வராத வரைக்கும் தண்ணிய மாத்தணும்.”

“இதுதானா? கருவாட்ட ஊற வெச்சு உப்பெடுக்கிறது. தள்ளு.”

கையைக் கழுவிவிட்டு உம்மா தட்டைப் பிடித்தா. பழைய நீரை ஓர் ஓரத்தால் சாய்த்து, புதிய நீரைத் தன் விரல்களின் மேல் விழவைத்து, கடிதம் அசையாதபடி நிரப்பினா. நான் குழாய்களைப் பார்த்தேன். இரண்டாவதும் மூன்றாவதும் மோர். பிறகு புகை. பிறகு புகையா இல்லையா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டிய அளவு. இதற்கிடையில் ராணியின் பேர் ஒவ்வொரு தண்ணீருக்கும் வெளுத்துக்கொண்டே வந்தது. உம்மா அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டா. நானும்.

கடைசிக் குழாய் தெளிவாக இருந்தது. உம்மா ஆவலில் அதை வாங்கிக் குலுக்க, ஒரு துளி சுட்டுவிரலில் பட்டது. மாலைக்குள் விரல் கறுத்துவிட்டது. வெள்ளி நைத்திரேற்று அப்படித்தான். தோல் உரியும் வரை போகாது. “வோட்டுப் போட்ட மாதிரி இரிக்கி,” என்றார் நானா. “ஆருக்கு உம்மா போட்டீங்க?”

“ராணிக்கு,” என்றா உம்மா.

மையொற்றுத் தாள்களுக்கு நடுவில் வைத்து, தாளை மாற்றி மாற்றி, வேலை மேசையிலேயே காயவிட்டோம். காய்ந்த பிறகு பார்த்தேன். வரிகள் கறுப்பாக, ஒவ்வொன்றும் இருந்த இடத்தில். வெள்ளத் தண்ணீரின் பழுப்புக் கோடு ஒரு மூலையில் நின்றுவிட்டது. கையொப்பம் இருந்த இடத்தில், கண்ணைச் சுருக்கினால் தெரியும் ஒரு நீலம்; யாரோ ஊதிவிட்டதுபோல. உருப்பெருக்கியை வைத்தேன். மை போய்விட்டது, பள்ளம் போகவில்லை. பேனா அழுத்திய இரண்டு ஓரங்களும் முதல் எழுத்தில் இருந்து கடைசி வால் வரைக்கும் அப்படியே இருந்தன. உம்மாவைப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து, நெடுநேரம் பார்த்தா.

“அழுத்தித்தான் எழுதிரிக்கா,” என்றா. “அல்ஹம்துலில்லாஹ்.” அன்று வழியில் கடையில் நிறுத்தச் சொல்லி, பாணும் சம்பலும் வயிறு நிறையச் சாப்பிட்டா.

திருப்பி அனுப்பும் பொதிக்குள் ஒரு கட்டாக் கருவாடு வைக்க வேண்டும் என்று உம்மா நின்றா. சுங்கத்தில் எறிந்துவிடுவார்கள் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு பின்னேரம் போயிற்று. அப்படியானால் ஒரு கடுதாசி எழுது, நான் சொல்கிறேன் என்றா. எழுதினேன். உம்மா சொன்னபடியே தமிழில், கீழே ஆங்கிலத்தில். நாங்கள் கட்டா, சீலா, சாளை போடுகிறோம். உங்கட பூட்டி மாந்தலைக் காற்றில் காயவைத்தது பெரிய காரியம். பிள்ளையை உப்பில் போட்டது நான்தான், மகள் இல்லை. நம்பித் தந்ததுக்கு நன்றி. இந்தப் பக்கம் வந்தால் எங்கட வீட்டில்தான் தங்க வேண்டும்.

கீழே உம்மா ஒப்பம் வைத்தா. கந்தோர்களில் வைப்பதைவிட மெதுவாக, கறுத்த விரல் பேனாவின் மேல் இருக்க, நாக்கைக் கடித்துக்கொண்டு. தாளைத் திருப்பித் தடவினால் பின்பக்கம் எழுத்து தட்டுப்பட்டது.

என் பெட்டியில் நாடு இழந்தவர்கள், பேர் எழுதாதவர், சீல் குத்திய ராணி எல்லோரும் இப்போதும் நடுத்தட்டில் சுகமாக இருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் ஈரப்பதத்தைப் பார்க்கிறேன். அவர்களால் எனக்குக் கிடைத்தவற்றை எழுதினால், முதலாவதாக அந்த டிராம் ஓட்டுகிறவவும் இரண்டாவதாக அந்தப் போயா நாளும் வரும்.

பொதி போய்ச் சேர்ந்ததும் அவ ஒரு படம் அனுப்பினா. அவவின் வீட்டுச் சுவரில் ஒரு சட்டம். ஒரு பக்கம் ராணியின் கடிதம், மறுபக்கம் உம்மாவின் கடிதம், இரண்டும் ஒரே கண்ணாடிக்குள். ஜன்னல் அருகில் மாட்டியிருந்தா. வெளியில் மழை பெய்வது கண்ணாடியில் தெரிந்தது.

வாடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உம்மா கையைத் துடைத்து, கைபேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கித் தன் ஒப்பத்தைப் பார்த்தா. பிறகு ஜன்னலைப் பார்த்தா. முகம் மாறியது.

“அங்க எந்த நேரமும் மழயா?”

“கூடத்தான்.”

“எழுது புள்ள, இப்பவே எழுது,” என்றா உம்மா. “எங்கட கடுதாசி நனைஞ்சா உப்பு மட்டும் போட வேணாம் என்டு.”